ஆர்னல் 42: எரவாணமே இல்லாத வீட்டின் சுவர் எப்படி நிற்கிறது?

வடகாற்று

வணக்கம். போன மாதம் ஸ்காட்லாந்தின் வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவுக்குப் போயிருந்தேன். ஸ்டோர்னவே துறைமுகத்திலிருந்து மேற்குக் கரைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் ஆர்னல் என்ற ஊர் வரும். அங்கே 42ஆம் எண் வீட்டைப் பார்த்தேன். 1880 வாக்கில் கட்டிய குடியானவர் வீடு. 1966 வரை அதில் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இப்போது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. இந்த வகை வீட்டை அங்கே 'கருப்பு வீடு' என்கிறார்கள்.

வெளியே நின்று பார்த்தபோதே ஒரு விஷயம் உறுத்தியது. சுவர் ஒன்றரை மீட்டருக்கு மேல் தடிமன். ஆனால் வைக்கோல் கூரை சுவரின் உள்விளிம்போடு முடிந்துவிடுகிறது. மிச்சச் சுவர்த்தலை ஒரு திண்ணை அகலத்துக்கு வானம் பார்த்துக் கிடக்கிறது, அதில் புல் செழித்து வளர்ந்திருக்கிறது. கூரையில் வழியும் மழைநீர் முழுக்க அந்தப் புல்லில், அதாவது சுவரின் தலைமேலேயே இறங்குகிறது.

சுவர் நனையக் கூடாது என்றுதான் எரவாணத்தை வெளியே நீட்டுவோம். இவர்கள் நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். அதுவும் மழை ஓயாத ஊரில். சாந்து இல்லாமல் அடுக்கிய கல் வேறு. எப்படி இத்தனை வருடம் நிற்கிறது? கட்டடம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கொத்தனார்மகள்

சரியான இடத்தில்தான் கண் வைத்திருக்கிறீர்கள். அந்த வீட்டின் சூட்சுமம் முழுக்க அந்தப் புல் திண்ணையில்தான் இருக்கிறது. (நான் ஸ்காட்லாந்தில் பழைய கட்டடச் சீரமைப்பு வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் சுண்ணாம்பு வேலை.)

முதலில், அது ஒரே சுவர் இல்லை. வெளியே ஒரு கல்சுவர், உள்ளே ஒரு கல்சுவர், நடுவில் மண்ணும் பீட்டும் இட்டு நிரப்பியது. (பீட் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைக்கும் கரிமண். எரிபொருளும் அதுதான்.) மழைநீர் விழும் சுவர்த்தலையைக் களிமண்ணும் புல்லோடு வெட்டிய மண்கட்டியும் வைத்து மூடிவிடுவார்கள். வெளிச்சுவரின் கற்கள் மட்டமாக இருக்காது, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அதனால் உள்ளே இறங்கும் நீரும் வெளிப்பக்கமே கசிந்து போய்விடும். உள்சுவர்வரை வருவது மிகக் குறைவு.

இரண்டாவது, நடுவில் இருக்கும் மண் ஈரமாக இருப்பதுதான் நல்லது. காய்ந்த மண் வெடிக்கும், உதிரும், சந்து விடும். ஈரமண் கல்லிடுக்கை அடைத்துக்கொள்ளும். சாந்து இல்லாத சுவரில் காற்று ஊடுருவாமல் இருப்பது அதனால்தான். அந்தத் தீவில் மழையைவிடக் காற்றுதான் பெரிய பகை.

மூன்றாவதும் காற்றுதான். நீட்டிய எரவாணம் அட்லாண்டிக் புயலுக்கு ஒரு கைப்பிடி மாதிரி. அடியில் புகுந்து நெம்பினால் கூரை மொத்தமாகப் போய்விடும். கூரையைச் சுவருக்குள் ஒடுக்கிவைத்தால் காற்று சுவரில் மோதி, மேலே வழுக்கிக் கடந்துவிடும். மூலைகளையும் அதனால்தான் வட்டமாகக் கட்டினார்கள். முக்கோணமாக எழும் பக்கச்சுவரும் அங்கே இல்லை பாருங்கள், நான்கு பக்கமும் கூரை சரிந்துதான் இறங்கும்.

வடகாற்று

நன்றி அக்கா. உள்ளே சுவரைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம் ஒட்டவில்லை. இப்போது புரிகிறது.

உள்ளே பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆளும் மாடும் நுழைய ஒரே வாசல். ஒரு பக்கம் தொழுவம், மறுபக்கம் மனிதர் இருக்கும் அறை, அதற்கு அப்பால் படுக்கும் இடம். படுக்கை ஒவ்வொன்றும் பலகையடித்த பெட்டி மாதிரி, முன்பக்கம் மட்டும் திறப்பு. பின்னால் ஒட்டினாற்போல ஒரு களஞ்சியம். எல்லாம் ஒரே கூரைத்தொகுப்பு. சன்னல் என்று பெரிதாக எதுவும் இல்லை. கூரையில் பதித்த சிறு கண்ணாடிகள்தான்.

நடு அறையின் தரையில் பீட் நெருப்பு. அடுப்பு இல்லை, மேடை இல்லை, புகைபோக்கியும் இல்லை. மேலிருந்து ஒரு சங்கிலி தொங்குகிறது, பானை மாட்ட. புகை அறை முழுக்க நிறைந்து, தானாகவே வைக்கோல் வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. பத்து நிமிடத்தில் கண் கரித்தது. சட்டையில் அந்த வாசனை மூன்று நாள் போகவில்லை.

மேழிச்செல்வம்

வேளாண்மைப் பக்கமிருந்து ஒரு வார்த்தை. அந்தப் புகையை வெறும் தொல்லையாகப் பார்த்தால் வீடு புரியாது. புகைக்கரி படிந்த வைக்கோல்தான் அவர்களுடைய வயலுக்கு உரம். சில வருடங்களுக்கு ஒருமுறை, சில இடங்களில் வருடந்தோறும், கூரையைப் பிரித்து அந்தக் கரிபிடித்த வைக்கோல் தாளை உருளைக்கிழங்குக்கும் பார்லிக்கும் போடுவார்கள். பிறகு புதுத் தாள் வேய்வார்கள். பார்லியை அரிவாளால் அறுக்காமல் வேரோடு பிடுங்கியதும் இதை ஒட்டித்தான். மணலும் பீட்டும் கலந்த மண்ணில் பயிர் குட்டையாகத்தான் வரும். வைக்கோலில் ஒரு சாண்கூட வீணாக்க முடியாது.

தொழுவமும் அப்படித்தான். வீட்டைச் சரிவில் கட்டி, தொழுவத்தைத் தாழ்ந்த பக்கம் வைப்பார்கள். மாட்டு மூத்திரம் கீழே ஓடிவிடும். குளிர்காலம் முழுக்கச் சாணத்தை அள்ளாமல் மேலே மேலே புல் பரப்புவார்கள். தரை உயர்ந்துகொண்டே வரும். வசந்தம் வந்ததும் தொழுவத்துக் கடைசிச் சுவரில் கொஞ்சம் பிரித்து, எருவை வெளியே இழுத்து, மறுபடி கல்லை அடுக்கி மூடிவிடுவார்கள். சாந்தில்லாத சுவர் என்பதால்தான் அது முடிந்தது. சுண்ணாம்பு வைத்துப் பூசியிருந்தால் வருடா வருடம் சுவரைப் பிரிக்க முடியுமா?

களஞ்சியத்தில் வாசலுக்கு நேர் எதிரே தரையோடு ஒரு சிறு துளை இருந்திருக்குமே, கவனித்தீர்களா? அது தூற்றுவதற்கு. வாசலைத் திறந்துவைத்தால் காற்று அந்தத் துளை வழியாக இழுக்கும். நடுவில் நின்று தானியத்தைத் தூற்றினால் பதர் தனியே பறந்துபோகும். மழை நாளிலும் கூரைக்குள் நின்றே வேலை முடிந்துவிடும்.

வடகாற்று

துளையைப் பார்த்தேன்! பூனை போய்வர விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறைநுதல்

எல்லோரும் மெச்சுவதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் நுரையீரல் நோய்ப் பிரிவில் செவிலியாக 19 வருடம் வேலை செய்தவள். புகைபோக்கி இல்லாத வீட்டில் வருடம் முழுக்க அணையாத நெருப்பு என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். யார் அந்த நெருப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது? சமைத்தவள், பால் காய்ச்சியவள், கம்பளி நூற்றவள், மடியில் குழந்தை வைத்திருந்தவள். ஆண்கள் பாதி நாள் கடலில்.

புகை கிருமியைக் கொன்றது, காசநோயைத் தடுத்தது என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயிஸில் காசநோய் கடுமையாக இருந்தது. நெருக்கமான, காற்றோட்டமில்லாத அறையில், மூடிய பெட்டிக் கட்டிலில் இரண்டு மூன்று பேர் படுத்தால் அந்த நோய் பரவாமல் என்ன செய்யும்? புகை உண்ணியையும் பூச்சியையும் விரட்டியிருக்கலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் கட்டடத்துக்கு நல்லது என்பதை மனித உடம்புக்கும் நல்லது என்று நீட்டாதீர்கள்.

கொத்தனார்மகள்

பிறைநுதல் அக்கா சொல்வது சரி. நான் கட்டடத்தை மட்டும் பேசிவிட்டேன்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதிகாரிகள் வற்புறுத்தியதும் இதைத்தான்: மனிதருக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒரு சுவராவது வேண்டும், வெளிச்சம் வேண்டும், புகைபோக்கி வேண்டும் என்று. ஆர்னலில் இந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே 39ஆம் எண் வீடும் காட்சிக்கு இருக்கிறது. 1920களில் கட்டிய 'வெள்ளை வீடு'. சாந்து வைத்துக் கட்டிய சுவர், சன்னல், இரண்டு முனையிலும் புகைபோக்கி. மாடு வெளியே போய்விட்டது. 'கருப்பு வீடு' என்ற பெயரே இந்த வெள்ளை வீடுகள் வந்தபிறகு, வேறுபடுத்திச் சொல்ல உண்டானதுதான். அந்தத் தீவுகளின் பழைய மொழியான கேலிக்கில் கருப்புக்கு 'டூ', வேய்வதற்குக் கிட்டத்தட்ட 'தூ' என்று ஒலிக்கும் ஒரு சொல். இரண்டும் குழம்பியிருக்கலாம் என்றும் சொல்வார்கள்.

ஆனால் புது வீட்டில் குளிர் அதிகம். சுவர் மெல்லியது, சூட்டில் பாதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போனது, மாட்டின் உடம்புச் சூடும் இல்லை. உள்சுவரில் நீர் கோத்து நின்றது. புகையிலிருந்து தப்பியவர்கள் ஈரத்தில் மாட்டினார்கள். எது மேல் என்று என்னால் தராசில் வைக்க முடியவில்லை. அந்த வீட்டில் குழந்தை பெற்று வளர்க்க வேண்டும் என்றால் நானும் வெள்ளை வீட்டைத்தான் கேட்டிருப்பேன்.

ஓலைச்சுவடி

கல், புகை, மாடு எல்லாம் பேசினீர்கள். நிலம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்த வீட்டில் முதலில் தெரிவது அதுதான்.

1844இல் லூயிஸ் தீவு முழுவதையும் ஜேம்ஸ் மாத்திசன் என்பவர் விலைக்கு வாங்கினார். ஜார்டின் மாத்திசன் என்ற பெரிய வணிக நிறுவனத்தின் மாத்திசன்தான். சீனாவில் அபின் விற்றுச் சேர்த்த பணம். இந்தியாவில் விளைந்த அபின் அது. ஸ்டோர்னவே துறைமுகத்துக்கு எதிரே கோட்டை மாதிரி ஒரு மாளிகை நிற்கிறதே, அது அவர் கட்டியது. கிளாஸ்கோ கட்டடக் கலைஞர் சார்லஸ் வில்சனின் வடிவமைப்பு. அதே தீவில், அதே காலத்தில், குடியானவன் சாந்தில்லாமல் கல் அடுக்கி மாட்டோடு படுத்தான். 1850களின் முதல் பாதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுமக்கள் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த நிலையில் யார் காசு போட்டு வீடு கட்டுவான்? சட்டப்படி வீடு நிலத்தோடு சேர்ந்தது, நிலம் பிரபுவினுடையது. நாளைக்கு வெளியேறு என்றால் சல்லிக்காசு ஈடு கிடையாது. நல்ல சன்னல் வைத்தால் குத்தகை ஏறும் என்ற பயம் வேறு. அதனால் கையில் கிடைத்த கல், சதுப்பு மண், வயலின் தாள் இவற்றால் கட்டினார்கள். அவற்றில் உண்மையான மதிப்புடையது கூரை மரம் மட்டும்தான். மரம் அரிதான தீவு. கரையில் ஒதுங்கிய மரம், உடைந்த படகின் மரம் என்று தேடிச் சேர்த்தது. ஹைலேண்ட் எனப்படும் வடக்கு மலைப்பகுதியில் குடிபெயரும்போது கூரை மரத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். வீட்டின் அகலம்கூட அந்த மரத்தின் நீளத்தால்தான் முடிவானது.

1814இல் ஸ்காட்லாந்தின் வடகோடியில், சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றியபோது கூரை மரங்களை எரித்ததற்கு என்ன அர்த்தம் என்று இப்போது தெரியும். திரும்பி வந்து கட்ட வழியில்லாமல் செய்வது. அதை நடத்திய பாட்ரிக் செல்லர் மீது 1816இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. விடுதலை ஆனார்.

1886இல் கிராஃப்டர் (சிறு நிலக் குத்தகைக் குடியானவர்) சட்டம் வந்தது. ஒழுங்காக வாடகை கொடுத்தால் வெளியேற்ற முடியாது, வாரிசுக்குப் போகும், வெளியேறினால் செய்த மேம்பாட்டுக்கு ஈடு உண்டு. ஆர்னல் 42 அதற்குச் சில வருடம் முன்னால் கட்டியது. 39 அதற்குப் பின்னால் பிறந்தவர்களின் காலத்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது அந்தச் சட்டம். சுகாதார அதிகாரியின் அறிவுரை மட்டும் போதும் என்றால் முப்பது வருடம் முன்பே புகைபோக்கி வந்திருக்கும்.

கிளைட்நதிக்கரை

ஓலைச்சுவடி ஐயாவின் பதிவுக்கு ஒரு மறுபக்கம் சேர்க்கிறேன். ஸ்காட்லாந்துப் பண்ணைவீடு என்றாலே கருப்பு வீட்டைக் காட்டுகிறோம். தெற்கே, தாழ்நிலப் பகுதியில் கதை வேறு. நான் இருப்பது கிளாஸ்கோ பக்கம். ஈஸ்ட் கில்பிரைடு அருகே வெஸ்டர் கிட்டாக்சைடு என்று ஒரு பண்ணை இருக்கிறது. ரீட் குடும்பம் 1567 முதல் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், பத்துத் தலைமுறை. இப்போதிருக்கும் வீடு 1782-84இல் கட்டியது. 1992இல் குடும்பம் அதை நேஷனல் ட்ரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்தது. 2001 முதல் ஊரக வாழ்க்கை அருங்காட்சியகம்.

நிலம் சொந்தம் என்றால் வீடு எப்படி மாறுகிறது என்று அங்கே பார்க்கலாம். ஆர்னல் கட்டுவதற்கு நூறு வருடம் முன்பே ஜார்ஜியன் பாணியில் (18ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனின் கட்டடப் பாணி) நிமிர்ந்து நிற்கும் கல் வீடு! பத்துத் தலைமுறைக்கும் யாரும் வெளியேறு என்று சொல்லவில்லை. பேரனுக்குப் போகும் என்ற நம்பிக்கையில் கட்டிய வீடு.

அந்தக் காலத்துத் தாழ்நிலப் பண்ணைகளில் குத்தகைதாரனுக்கும் பெரும்பாலும் 19 வருடக் குத்தகை எழுதிக்கொடுத்தார்கள். அதனால் அங்கேயும் நல்ல கட்டடம் எழுந்தது. முன்முகத்தில் நடுவாசல், இருபுறமும் சமமாகச் சன்னல், இரு முனையிலும் புகைபோக்கி, மேலே ஸ்லேட் கல் (தகடாகப் பிளக்கும் கல்). மாடு வீட்டைவிட்டு வெளியேறி, பின்முற்றத்தைச் சுற்றித் தொழுவம், லாயம், களஞ்சியம் என்று தனித்தனியாக ஆனது. நடுமுற்றத்தில் எருக்குவியல். 1786இல் ஈஸ்ட் லோதியனில் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்தபின், களஞ்சியத்தை ஒட்டி வட்டமாகவோ எண்கோணமாகவோ ஒரு கொட்டகை முளைத்தது. உள்ளே குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்து இயந்திரத்தை ஓட்டும். நம் ஊர்ச் செக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைஃப், லோதியன் பக்கம் போகும்போது அந்த எண்கோணக் கூரைகளை இன்றும் பார்க்கலாம். குதிரை போய், டிராக்டர் நிற்கிறது.

ஸ்லேட் கூரையைக் கூர்ந்து பாருங்கள். கீழ்வரிசையில் பெரிய கல், மேலே போகப்போகச் சிறிசு, முகட்டில் உள்ளங்கை அளவு. வெட்டும்போது கிடைத்த எல்லா அளவையும் வீணாக்காமல் வரிசைப்படுத்தியது. பல்லாகூலிஷ் சுரங்கத்துக் கல்தான் மேற்கில் அதிகம். 1955இல் அதை மூடிவிட்டார்கள், இனி பழைய கூரையைப் பிரித்தால்தான் அந்தக் கல் கிடைக்கும்.

கொத்தனார்மகள்

தாழ்நிலப் பண்ணைவீடுகளின் வெள்ளைப் பூச்சைப் பற்றி நானே சொல்லியாக வேண்டும், என் பிழைப்பு அதுதான். தாழ்நிலப் பண்ணைவீட்டுச் சுவர் ஒழுங்காகச் செதுக்காத கல். அதன்மேல் சுண்ணாம்புக் காரையில் பொடிக்கல்லைக் கலந்து, கரண்டியால் வீசி அடிப்பார்கள். தேய்ப்பதில்லை, வீசுவது. 'ஹார்லிங்' என்று பெயர். சொரசொரப்பாக ஒட்டும். அதனால் மழைநீர் விரியும், காற்றில் சீக்கிரம் காயும். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே பூட்டாது, சுவர் மூச்சுவிடும்.

20ஆம் நூற்றாண்டில் பல வீடுகளில் அதைச் சுரண்டிவிட்டு சிமென்ட் அடித்தார்கள். சிமென்டில் மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியாக உள்ளே போகும் நீர் வெளியே வர வழியில்லை. போன வருடம் நான் வேலை செய்த பண்ணைவீடு ஒன்றில் சிமென்டைத் தட்டி எடுத்தபோது, உள்ளேயிருந்த பழைய காரை ஈரச்சேறு மாதிரி கையோடு வந்தது. உத்தர முனைகள் மக்கிப்போயிருந்தன. இருநூறு வருடம் நின்ற சுவர் நாற்பது வருடத்தில் அந்தக் கதிக்கு வந்திருந்தது. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய வீடு வாங்க நினைக்கும் யாராவது இதைப் படித்தால்: சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் விலை பேசுவதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள்.

செங்காந்தள்

இரண்டுக்கும் இடைப்பட்ட வீடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? புகை நடுத்தரையிலிருந்து சுவருக்குப் போன அந்த இடைக்காலத்தைப் பார்க்க ஆசை.

ஓலைச்சுவடி

இருக்கிறதம்மா. கில்லின் ஊருக்குப் பக்கத்தில் மொய்ர்லானிக் நெடுவீடு. 1968 வரை ஆள் வாழ்ந்தது. வீடும் தொழுவமும் ஒரே நீள வரிசை. கூரையின் பாரத்தைச் சுவர் தாங்குவதில்லை, தரைப்பக்கமிருந்து வளைந்து எழும் மரச்சோடிகள் தாங்குகின்றன. அங்கே நெருப்பு சுவரோரம் வந்துவிட்டது. ஆனால் கல் புகைபோக்கி இல்லை, சுவரிலிருந்து தொங்கும் ஒரு மரக்கூண்டு புகையை வாங்கி மேலே அனுப்புகிறது. நீங்கள் கேட்ட இடைக்காலம் அந்த மரக்கூண்டுதான். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சுவர்த்தாள்கள் அப்படியே இருக்கின்றன. அந்த வீட்டில் கிடைத்த வேலைநாள் உடுப்புகளையும் ஞாயிற்றுக்கிழமை உடுப்புகளையும்கூடக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஆர்க்னி தீவில், கிர்பஸ்டர். 1961 வரை ஆள் இருந்தது. அங்கே நெருப்பு நடுத்தரையில்தான், ஆனால் பின்னால் முதுகுக்கு ஒரு கல்தடுப்பு. சுவரின் தடிமனுக்குள்ளேயே குடைந்தாற்போல ஒரு கல் படுக்கை. ஆர்க்னியில் பலகைபோலப் பிளக்கும் கல் தாராளம், மரம் இல்லை. மரத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் கல்லில் செய்துவிட்டார்கள்.

பிறைநுதல்

வடகாற்று தம்பி, ஒரு சந்தேகம். ஆர்னலில் ஆள் போய் அறுபது வருடம் ஆகிறதே, இன்னும் ஏன் நெருப்பு எரிகிறது? வருகிறவர்களுக்குக் காட்டவா?

வடகாற்று

அதே கேள்வியை அங்கே பணியிலிருந்த அம்மாவிடம் கேட்டேன் அக்கா. காட்டுவதற்காக மட்டும் இல்லையாம். நெருப்பை நிறுத்தினால் வைக்கோலில் ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும், கூரை மரத்தில் புழு வைக்கும். புகைதான் இத்தனை நாள் அவற்றைக் காத்துவந்தது. அதனால் காலையில் வந்ததும் அவருடைய முதல் வேலை பீட் பற்றவைப்பது. அந்தக் காலத்தில் பற்றவைக்கும் வேலையே இல்லை. இரவில் சாம்பலால் மூடி, ஒரு பிரார்த்தனை சொல்லி, காலையில் கிளறிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக அணையாத நெருப்பு.

நீங்கள் முன்னால் எழுதியதை அப்போது படித்திருக்கவில்லை. இப்போது நினைத்தால், அவரும் நாள் முழுக்க அந்தப் புகையில்தான் இருக்கிறார். இடையிடையே வாசலுக்கு வந்து காற்று வாங்கிவிட்டுப் போனார். நான் கிளம்பும்போதும் வாசலில்தான் நின்றிருந்தார், கண் சிவந்திருந்தது.

செங்காந்தள்

வரும் மே மாதம் போகிறேன். கூரைமேல் வலை போட்டு, ஓரத்தில் கல் தொங்கவிட்டிருப்பதாகப் படங்களில் பார்த்தேன். அந்தக் கல்லைச் சுவரில் கட்டுவார்களா?

மேழிச்செல்வம்

கட்டமாட்டார்கள் அம்மா. கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதோடு சரி. முன்பு ஹெதர் என்ற காட்டுப் புதர்ச்செடியை முறுக்கித் திரித்த கயிறு, பின்னால் பழைய மீன்வலை. புயலில் கூரை கொஞ்சம் எழும்பினால் கல்லும் கூடவே எழும்பி, மறுபடி இறங்கிக் கூரையை இறுக்கிவிடும். சுவரில் கட்டியிருந்தால் கயிறு அறுந்துபோயிருக்கும். சுவரில் சில இடங்களில் கல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், பாருங்கள். வேய்கிறவர் கால் வைத்து ஏற விட்ட படி அது. ஏறி நின்று வேலை செய்வது அந்தப் புல் திண்ணையில்.